புதுப்பிப்பு: சென்னையில் வாங்கிய பழைய கிட்டார் ஹட்டன் வந்து சேர்ந்தது

சென்னையில் பழைய அக்கௌஸ்டிக் கிட்டார் வாங்கி இலங்கையின் ஹட்டனுக்குக் கொண்டுவருவது எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

ரோஸ்வுட் மரத்தாலான விரற்பலகைக்கு (கம்பிகளை விரலால் அழுத்தும் பலகை) அனுமதிப்பத்திரம் வேண்டுமோ என்ற என் பயம் வீண். ஒருவர் சொன்னதுபோல, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் கிடையாது.

கம்பிகளைத் தளர்த்தி, தலைப்பகுதிக்கு அடியில் சட்டைகளைத் திணிக்கச் சொன்ன யோசனைதான் கருவியைக் காப்பாற்றியது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பற்றுச்சீட்டைப் பார்த்துவிட்டு வாசித்துக்காட்டச் சொன்னார். தளர்ந்த கம்பியில் தவளைச் சத்தம்தான் வந்தது. சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

எதிர்பாராதது வீட்டுக்கு வந்தபின் நடந்தது. பத்து நாள் மூடுபனியில் மேற்பலகை ஈரம் குடித்து உப்பி, பன்னிரண்டாம் கட்டில் (விரற்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு, fret) கம்பி 4 மில்லிமீற்றர் உயர்ந்து நின்றது. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் உலோகத் தண்டை (truss rod) முறுக்கத் திருகாணிச் சாவியை எடுத்தேவிட்டேன். "முதலில் ஈரப்பதத்தைப் பாருங்கள்" என்ற பதில் நினைவுக்கு வந்து நிறுத்தினேன். பெட்டிக்குள் ஈரப்பதம் 82 சதவீதம்! சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிவைத்து 55க்குக் கொண்டுவந்தேன். இரண்டு வாரத்தில் உயரம் 3 மில்லிமீற்றருக்கு இறங்கியது. ஏழாம் கட்டில் மட்டும் கம்பி உரசி இன்னும் லேசாக இரைகிறது. அதற்குக் கண்டியில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.