வலி மாத்திரையால் அம்மாவுக்கு வயிறு எரிகிறது, ஊசி போட்டால் பரவாயில்லையா?

காசிமேட்டுப் பையன்:
அம்மாவுக்கு 63 வயது, காசிமேட்டில் மீன் விற்கிறார். விடியற்காலை 3 மணியிலிருந்து குத்த வைத்தே உட்கார்ந்திருப்பதால் முட்டி வலி. தெருமுனை மெடிக்கலில் தாளில் மடித்துத் தருவார்களே, அந்த செட் மாத்திரைதான் பல மாதமாக, அதுவும் வெறும் டீயோடு. கடையில் கேட்டபோது டைக்ளோஃபெனாக் 50 என்றார்கள். இப்போது மேல்வயிறு எரிகிறது என்று ராத்திரியில் எழுந்து ஜெலுசில் குடிக்கிறார். இதய அடைப்புக்கு ஆஸ்பிரின் 75 வேறு ஓடுகிறது. நிறுத்தச் சொன்னால் "அப்போ கூடையை நீ தூக்குடா" என்கிறார். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் போதுமா? ஊசி என்றால் வயிற்றுக்குப் போகாதுதானே?

தண்டையார்பேட்டை ஃபார்மசிஸ்ட்:
தம்பி, ஊசி போட்டாலும் புண் வரும். வயிற்றின் உள்சுவரில் வழவழப்பான ஒரு படலம் ஊறிக்கொண்டே இருக்கும், அதுதான் அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது. அதை ஊற வைப்பது உடம்பே தயாரிக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். முட்டியில் வீக்கத்தைக் கிளப்புவதும் அதே வகைப் பொருள்தான். மருந்து எந்த வழியாகப் போனாலும் ரத்தத்தில் கலந்து இரண்டு இடத்திலும் அதை உருவாகவிடாமல் தடுத்துவிடும். 1971-ல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆஸ்பிரினை வைத்துக் கண்டுபிடித்தது இது, 1982-ல் நோபல் பரிசும் வாங்கினார்.

சாப்பாடு, ஜெலுசில் எல்லாம் எரிச்சலைக் குறைக்கும், புண்ணைத் தடுக்காது. எரிச்சல் அடங்கியதும் இன்னொரு செட் போடுவார்களே, அதுதான் எனக்குப் பயம். தடுப்பதற்கு அமிலம் சுரப்பதையே குறைக்கும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரை. அதையும் எரியும்போது போடாமல், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில் போட வேண்டும்.

ஆனால் இதய அடைப்பு உள்ளவருக்கு டைக்ளோஃபெனாக்கே ஆகாது, அதை இன்றே நிறுத்துங்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். செட்டில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கலாம், அப்படியே மடித்து எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரம்பூர் அக்கா:
தம்பி, மலம் என்ன நிறத்தில் போகிறது என்று அம்மாவிடம் வெட்கப்படாமல் கேளுங்க. எங்கள் அப்பாவுக்கு எரிச்சலே இல்லை. தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக மூன்று நாள் போயிருக்கிறது, வீட்டில் வாயே திறக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது தலைசுற்றி விழுந்த பிறகுதான் பார்த்தோம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6 பாயிண்ட்தான். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுப்பாகப் போகும், ஆனால் அதுவாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டு வீட்டில் உட்காராதீங்க, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்க.

காசிமேட்டுப் பையன்:
அக்கா, கேட்டேன், கறுப்பாகப் போகவில்லையாம். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எண்டோஸ்கோபியில் சின்னப் புண் இரண்டு, வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமியும் இருக்கிறதாம், 14 நாள் மருந்து கொடுத்திருக்கிறார்கள். அண்ணா, கிருமி போய்விட்டால் பழையபடி வலி மாத்திரை போடலாமா?

தண்டையார்பேட்டை ஃபார்மசிஸ்ட்:
வேண்டாம் தம்பி. கிருமி போனால் ஆபத்து குறையும், ஆனால் வயது, ஆஸ்பிரின், ஒருமுறை புண் வந்த வயிறு, மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன. 14 நாளையும் விடாமல் முடியுங்கள், பான்டோப்ரசோலை எதுவரை தொடர்வது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், முட்டியில் தடவ ஜெல், இரண்டையும் அவரிடமே கேளுங்கள், ஜெல்லில் ரத்தத்துக்குப் போவது ரொம்பக் குறைவு. அப்புறம் அம்மா குத்த வைக்காமல் உட்கார உயரமான ஸ்டூல் ஒன்றும், மீன் தட்டை வைக்க அதே உயரத்துக்கு ஒரு பெட்டியும் போட்டுக் கொடுங்கள்.