புதுப்பிப்பு: பழைய கேமிங் கணினி பிழைத்துக்கொண்டது

ரைசன் 5 2600 பிராசசர் சிப், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு போட்ட என் 2018 கணினியைத் தூக்கிப்போடவா, தேற்றவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தேற்றிவிட்டேன். என் பி450 மதர்போர்டு புதிய சிப்பையும் ஏற்கும் என்பதால், பழைய சிப் இருக்கும்போதே பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதுப்பித்துவிட்டு ரைசன் 5 5600 மாட்டினேன். போர்டு, ரேம் செலவு மிச்சம்.

பழைய சிப்பின் சூட்டைத் தணிக்க அதன் மேல் இருந்த கூலரைக் கழற்றும்போதுதான் உயிர் போய் வந்தது. இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு, சிப்பைப் பிடித்துவைக்கும் லீவர் பூட்டியிருக்கும்போதே சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தது! சிப்பின் அடியில் உள்ள பின்களில் (ஊசி போன்ற கால்கள்) இரண்டு வளைந்துவிட்டன. நல்லவேளை, பழையது. கொஞ்ச நேரம் கேம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு மெல்லத் திருகி எடுத்திருக்க வேண்டும்.

கார்டு அதேதான். கூட்டமான காட்சிகளில் வந்த திக்கல் போய்விட்டது. 1080பி திரைத் தெளிவுக்கு இப்போதைக்குப் போதும். அடுத்து கார்டு மாற்றினால் 450 வாட் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டிவரும். சரி, அது தீபாவளி போனஸ் கணக்கு.