முட்டை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்போது இந்த மீன் ஏன் அழிகிறது?

நன்னீர்ப்பிரியன்:
பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டி டோ சுல்-இல், பாட்டோஸ் காயலைச் சுற்றியுள்ள தாழ்நிலக் குட்டைகளில் ஆஸ்ட்ரோலெபியாஸ் வோல்டர்ஸ்டோர்ஃபி என்று ஒரு கில்லிமீன் (சிறு நன்னீர் மீன் வகை) இருக்கிறது. குட்டையில் தண்ணீர் நிறைந்ததும் பொரிந்து, சில மாதங்களில் வளர்ந்து முட்டையிட்டு, கோடையில் தண்ணீர் வற்றும்போது மொத்தமாகச் செத்துவிடும். முட்டை மட்டும் மண்ணுக்குள் காத்திருக்கும். வறட்சியையே தாங்குகிற மீன் எப்படி அழிவின் விளிம்புக்கு வந்தது? ஒரு குட்டை போனால் அந்த மண்ணை அள்ளி இன்னொரு குட்டையில் போட முடியாதா?

ஈரநிலம்:
வறட்சி அதற்குப் பிரச்சினையே இல்லை, கலப்பைதான் பிரச்சினை. ஆணும் பெண்ணும் சேர்ந்து அடிச்சேற்றுக்குள் புகுந்துதான் முட்டையிடும். உள்ளே இருக்கும் கரு மூன்று கட்டங்களில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளக்கூடியது, மூன்றாவது கட்டத்தில் முழுக்க உருவான குஞ்சு முட்டைக்குள்ளேயே தண்ணீருக்காகக் காத்திருக்கும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிவதில்லை என்பது. முதல் மழைக்குப் பிறகு மழையே இல்லாமல் குட்டை சீக்கிரம் காய்ந்தால் பொரிந்த குஞ்சுகள் போய்விடும், மண்ணில் மிச்சமிருப்பவை அடுத்த முறை வரும். ஆனால் இதெல்லாம் அந்த மண் கலையாமல் இருக்கும் வரைதான். பிரேசிலின் நெல்லில் பெரும்பகுதி விளைவது இந்த மாநிலத்தில்தான், வயலுக்காக வடிகால் வெட்டி நிலத்தைச் சமப்படுத்தினால் குட்டையோடு முட்டையும் போயிற்று. நல்லெண்ணத்தில் யாராவது குட்டையை ஆழப்படுத்தி வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கச் செய்தாலும் கெடுதல்தான், வேட்டையாடும் பெரிய மீன்கள் வந்து நிலைத்துவிடும்.

சேற்றுத்தடம்:
சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2012-இல் வந்த பிரேசிலின் வனச் சட்டம் ஆறு, ஏரிக் கரைகளை ஒட்டி அழிக்காமல் விடவேண்டிய பாதுகாப்புப் பட்டை வைக்கச் சொல்கிறது, ஆனால் 1 ஹெக்டேருக்குக் குறைவான நீர்நிலைகளுக்கு அது தேவையில்லை என்று விலக்கும் கொடுக்கிறது. இந்த மீன்களின் குட்டைகளில் பல அதைவிடச் சின்னவை! கோடையில் போய்ப் பார்த்தால் அங்கே வெறும் புல்தரைதான் தெரியும், மீனே இல்லை என்று எழுதிவிட்டு அந்த நிலத்தை மாற்ற அனுமதி கொடுத்துவிடலாம். கணக்கெடுப்பு எந்த மாதத்தில் நடக்கிறது என்பதிலேயே ஓர் இனத்தின் கதி முடிவாகிறது, இதை யோசித்தாலே கோபம் வருகிறது.

மண்ணை அள்ளிப் போடுவது பற்றி: ஒவ்வொரு குட்டையின் மீன் கூட்டமும் நீண்ட காலம் தனித்தே இருந்திருக்கலாம், கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. ஏற்கெனவே வேறு கில்லிமீன் இருக்கும் குட்டையில் போட்டால் அதற்கும் ஆபத்து.

நன்னீர்ப்பிரியன்:
சரி, அப்படியானால் இவை தாமாக ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதே இல்லையா?

ஈரநிலம்:
அபூர்வமாகப் போகும், அதுவும் பறவை வயிற்றுக்குள்! அதே மாநிலத்தைச் சேர்ந்த இரண்டு கில்லிமீன் இனங்களின் 650 முட்டைகளைக் காஸ்கரோபா அன்னங்களுக்குத் தீனியோடு கொடுத்துப் பார்த்தார்கள், எச்சத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் உயிரோடு வெளியே வந்தன. 2019-இல் வெளியான ஆய்வு. கேட்பதற்குக் குறைவுதான், ஆனால் ஒரு பறவைக் கூட்டம் எத்தனை குட்டைகளில் மேய்கிறது என்று பாருங்கள். குட்டைகள் பக்கம்பக்கமாக இருந்தால்தான் இதற்கும் பலன், நடுவில் இருப்பவற்றை எல்லாம் வயலாக்கிவிட்டால் அன்னம் எங்கே போய் இறங்கும்?

தொட்டியில் ஆஸ்ட்ரோலெபியாஸ் வகைகளை வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த இடத்து மீன் என்ற குறிப்பை முட்டைப் பொட்டலத்தின் மேலே எழுதி வையுங்கள், இரண்டு இடத்து மீன்களை ஒரே தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவிடாதீர்கள், இடம் தெரியாத மீனை எந்தக் குட்டையிலும் விடாதீர்கள்.