பாக் க்லோங் தலாட் முதல் சீலோம் வரை: பாங்காக்கில் நான் கண்ட பூக்கள்

பாங்காக் சென்று வந்த நண்பர்கள் பலர் அரண்மனையையும் வாட் போ கோயிலின் 46 மீட்டர் நீளமுள்ள பள்ளிகொண்ட புத்தரையும் வணிக வளாகங்களையும் இங்கே விரிவாக எழுதிவிட்டார்கள். அவற்றையெல்லாம் நானும் பார்த்தேன். ஆனால் அந்த நகரத்தை எண்ணும்போது முதலில் நினைவுக்கு வருவது அங்கே பூ புழங்கும் விதம்தான் என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாவ் பிரயா ஆற்றங்கரையில், நினைவுப் பாலத்துக்கு அருகில் உள்ள பாக் க்லோங் தலாட் என்னும் மொத்த விலைச் சந்தை 24 மணி நேரமும் இயங்குகிறது என்றாலும், அதன் முழு வேகத்தைக் காண நள்ளிரவுக்குப் பின் போக வேண்டும். அண்டை மாகாணங்களிலிருந்து வண்டிகளில் வந்திறங்கும் கூடைகளைத் தள்ளுவண்டிகளில் அடுக்கிக்கொண்டு, வழிவிடச் சொல்லிக் குரல் கொடுத்தபடி சுமைதூக்குவோர் அந்த நேரத்தில்தான் சந்துகளுக்குள் விரைகிறார்கள். பனிக்கட்டியின் மேல் பரப்பிய மல்லிகை மொட்டு, பெரிய பைகளில் அடைத்த செண்டுமல்லி, கட்டுக்கட்டாகத் தாமரை மொட்டு, ஊதா நிற ஆர்க்கிட் என்று ஒவ்வொரு கடையும் ஒரு பூவுக்கு உரியதாக இருந்தது. 2016-இல் நகர நிர்வாகம் நடைபாதைக் கடைகளை அகற்றிய பிறகு வியாபாரம் பெரும்பாலும் கூரைகளின் கீழே நகர்ந்துவிட்டது. ஆயினும் நெரிசலுக்குக் குறைவில்லை.

அந்தச் சந்தையில் நான் அதிக நேரம் நின்றது மாலை தொடுக்கும் வயதான அம்மையார் ஒருவரின் எதிரில்தான். நம் ஊரில் மல்லிகையை நாரில் வைத்து விரலாலேயே முடிச்சிட்டுத் தொடுப்போம். அங்கே முடிச்சே இல்லை. ஒரு சாணுக்கு மேல் நீளமுள்ள ஊசியில் மொட்டுகளை ஒவ்வொன்றாகக் குத்தி, ஊசியைச் சுற்றி வட்டம் வட்டமாக வரிசைப்படுத்தி, இடையிடையே ரோஜா இதழை மடித்துச் செருகி வண்ணக் கோடுகளை உண்டாக்கி, ஊசி நிறைந்ததும் மொத்தத்தையும் நூலுக்குத் தள்ளிவிடுகிறார்கள். விரிந்த பூவை அவர் தொடவே இல்லை. ஒரே அளவுள்ள மொட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தார். அப்படிக் கோத்த வளையத்தின் கீழே குஞ்சம் தொங்குகிறது; அதன் நுனியில் ரோஜாவோ செண்பகமோ வைக்கிறார்கள், நடுவில் எருக்கு. நம்மூரில் பிள்ளையார் சதுர்த்தியன்று தேடி அலையும் அதே எருக்கம்பூ அங்கே ஆண்டு முழுவதும் மாலைக்கு இன்றியமையாத சரக்காக விற்கிறது. நான் ஆர்வத்துடன் பார்ப்பதைக் கண்ட அவர், ஒரு மொட்டை எடுத்து என் கையில் கொடுத்து, ஊசியையும் நீட்டினார். மொட்டின் காம்பு ஒடியாமல் குத்துவதற்கு எவ்வளவு மென்மையான கை வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த மாலைகள் எங்கே போகின்றன என்பதை அடுத்த நாள்களில் கவனித்துப் பார்த்தேன். சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்ற எங்கள் வாடகைக் காரின் ஓட்டுநர், கையில் மாலைகளைக் கோத்து நின்ற பெண்ணிடம் ஒன்றை வாங்கி, கண்ணாடியில் தொங்கிய நேற்றைய மாலையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, பச்சை விளக்கு எரிவதற்குள் கைகூப்பியும் முடித்தார். ஆற்றில் ஓடும் நீள்வால் படகுகளின் முகப்பிலும் வண்ணத் துணிகளோடு மாலை சுற்றியிருக்கும். படகைக் காக்கும் பெண் தெய்வமான மே யா நாங் அங்கே உறைவதாக நம்புகிறார்கள். வீடு, வங்கி, விடுதி எதுவானாலும் வாசலில் ஒரு சிறு தெய்வ வீடு, அதிலும் மாலை.

ராட்சபிரசோங் சந்திப்பில், உயர்மட்ட ரயில் பாதையின் நிழலில் இருக்கும் ஏராவன் சன்னிதி 1956-இல், விடுதி ஒன்றின் கட்டுமானத்தில் அடுத்தடுத்து விபத்துகள் நேர்ந்த பிறகு, நான்முகனுக்காக எழுப்பப்பட்டது. 2015-இல் குண்டுவெடிப்பில் 20 பேர் உயிரிழந்த இடமும் அதுதான். நான் சென்றபோது அலுவலக உடையில் வந்தவர்கள் நான்கு முகங்களுக்கும் செண்டுமல்லி மாலை சாத்திவிட்டு வேலைக்கு விரைந்துகொண்டிருந்தார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் பணம் கட்ட, நடனப் பெண்கள் பாடி ஆடினார்கள். மாலைகள் விரைவில் குவிந்துவிடுவதால் பணியாளர்கள் அவற்றை அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். சில இடங்களில் பிளாஸ்டிக் மாலைகளும் தொங்கக் கண்டேன். அந்த அம்மையாரின் கைகளைப் பார்த்து வந்த எனக்கு அது வருத்தமளித்தது.

ரயிலில் சந்தித்த பள்ளி மாணவி ஒருத்தியையும் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்து வியாழக்கிழமை அது. மடியில் பூத்தட்டு ஒன்றைக் கவனமாகப் பிடித்திருந்தாள். ஆசிரியர்களை வணங்கும் வாய் க்ரூ நாள் என்றும், அறுகம்புல்லும் வெட்சியும் கத்தரிப்பூவும் வைப்பது பழைய வழக்கம் என்றும் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினாள். அறுகு எங்கும் பரவுவதைப் போல அறிவு வளர வேண்டும். வெட்சியின் கூரான மொட்டைப் போல மதி கூர்மையாக வேண்டும். கத்தரிப்பூ தலைகவிழ்ந்திருப்பதால் அது பணிவு. வியாழன் குருவுக்குரிய நாள் என்பதை அவள் சொல்லாமலே நான் அறிந்திருந்தேன் என்றபோது, அவள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது.

கடைசியாகச் சீலோம் சாலையின் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. இன்று அங்கே வருவோரில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். எதிரேயுள்ள கடைகளில் செண்டுமல்லி மாலையும் தேங்காயும் பழமும் வைத்த தட்டுகள் விற்கின்றன. எனக்கு முன்னே நின்ற பெண், அம்மனுக்குக் கொடுக்கும் வரை மாலையைத் தரையில் படாமல் இரு கைகளாலும் ஏந்தியிருந்தார். நவராத்திரி முடியும் விஜயதசமி இரவில் ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையை மூடிவிடுவார்கள் என்றும், வழிநெடுக மக்கள் பூவாலான பலிபீடங்களை அமைத்துக் காத்திருப்பார்கள் என்றும் கடைக்காரர் சொன்னார்.

போக விரும்புவோருக்கு: சந்தைக்கு மிக அருகில் இருப்பது 2019-இல் திறக்கப்பட்ட சனாம் சாய் சுரங்க ரயில் நிலையம். ஆனால் நள்ளிரவு வாக்கில் ரயில்கள் நின்றுவிடுவதால், திரும்புவதற்கு வாடகைக் கார் பிடிக்க வேண்டியிருக்கும். ஈரத் தரைக்கு ஏற்ற செருப்பு அணியுங்கள், தள்ளுவண்டிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். சீலோம் விஜயதசமி ஊர்வலத்தை நேரில் கண்டவர்கள் இங்கே இருந்தால், விரிவாக எழுதும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.