பிடிஎல் வெளியீட்டுக்கு ‘இருதலை வெளியீடு’: ஒரு முன்வைப்பு

வணக்கம் நண்பர்களே,

மலிவான டி வகைப் பெருக்கி (ஒலியை வேகமான ஆன்-ஆஃப் துடிப்புகளாக்கிப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) போர்டுகளைப் பழுதுபார்க்கும் கையேட்டுக்கான சொற்பட்டியலைப் படித்தேன். துடிப்பகலப் பண்பேற்றம் (PWM), வெளியீட்டு வடிகட்டி, மின்தூண்டி (இண்டக்டர் சுருள்) எல்லாம் சரி. ‘எண்மப் பெருக்கி’யை மட்டும் நீக்கிவிடுங்கள். ‘டி’ என்பது டிஜிட்டலின் முதலெழுத்து அல்ல; ஏ, பி, சி வகைகளுக்கு அடுத்து வந்த எழுத்து, அவ்வளவுதான்.

இழுபறியில் நிற்பது பிடிஎல் (Bridge-Tied Load): ஸ்பீக்கரின் ஒரு முனையைக் கிரவுண்டில் கட்டாமல், இரு முனைகளையும் பெருக்கியே இயக்கும் வெளியீடு. இழையில் வந்த கருத்துகளை எடுத்துக்காட்டிப் பதில் சொல்கிறேன்.

> ‘பாலச்சுமை வெளியீடு’ என்றே வைத்துவிடலாமே? மூலத்துக்கு நேராக இருக்கிறது.

மூலத்துக்கு நேராக இருப்பது உண்மை. ஆனால் படிப்பவருக்கு அது எதைச் சொல்கிறது? தமிழகப் பாடநூல்களில் வீட்ஸ்டன் சமனச்சுற்று என்று படித்து வந்தவருக்குப் ‘பாலம்’ என்றதும் மின்சுற்று நினைவுக்கு வராது. ‘சுமை’ அதைவிடத் தொலைவு. வேறு எந்தச் சொல்லாக இருந்தாலும் பழகிவிடும் என்று விட்டுவிடுவேன். இந்தச் சொல்லில் விட மனமில்லை. பிடிஎல் என்றால் என்னவென்று தெரியாததால்தான் நல்ல போர்டுகள் எரிகின்றன.

நடப்பது இதுதான். டிபிஏ3116 ஐசி உள்ள ஸ்டீரியோ போர்டுக்கு 24 வோல்ட் கொடுத்து, பாட்டு எதுவும் போடாமல், மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வையுங்கள். சிவப்பு முனையை ஸ்பீக்கரின் பிளஸில் தொட்டால் ஏறத்தாழ 12 வோல்ட் காட்டும். மைனஸில் தொட்டாலும் அதே 12 வோல்ட். பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே அளந்தால் சில மில்லிவோல்ட்தான். ஸ்பீக்கருக்கு அந்த வேறுபாடு மட்டுமே தெரியும், அதனால் அது அமைதியாக இருக்கிறது. ஆனால் மைனஸ் என்று அச்சிட்டிருக்கும் அந்த முனை கிரவுண்ட் அல்ல. பிளஸைப் போலவே உயிருள்ள முனை. அதைக் கிரவுண்டோடு சேர்த்தால், 12 வோல்ட்டை ஒரு சிறு மின்தூண்டியின் கம்பி வழியாக நேரே குறுக்கிணைப்பு (ஷார்ட்) செய்ததாகிவிடும். பாதுகாப்புச் சுற்று உள்ள ஐசி தன்னை அணைத்துக்கொள்ளும். தானாக மீளும்படி அமைத்த போர்டு, விட்டு விட்டு எழ முயன்று ‘டிக், டிக்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு இல்லாதது போய்விடும்.

மைனஸைத் தெரிந்தே கிரவுண்டில் கட்டுபவர் குறைவு. தெரியாமல் கட்டும் வழிகள்தான் அதிகம். பிஏஎம்8403 என்ற சிறு பிடிஎல் ஐசி உள்ள போர்டில் மூன்று கம்பி ஹெட்ஃபோன் ஜாக் வைப்பது ஒன்று: அந்த ஜாக்கில் இடமும் வலமும் ஒரே பொதுக்கம்பியைப் பகிர்கின்றன, ஆகவே இரு தடங்களின் (சேனல்களின்) மைனஸும் ஒன்றாகிவிடும். ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து இன்னொரு பெருக்கியின் லைன் உள்ளீட்டுக்கு வயர் இழுப்பது இன்னொன்று. மூன்றாவது, பழுது பார்க்க உட்காருபவருக்கே நேர்வது: ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மைனஸில் மாட்டுவது. அந்தக் கிளிப் பொதுவாக எர்த்தோடு சேர்ந்தது; பவர் சப்ளையின் மைனஸும் எர்த்தோடு சேர்ந்திருந்தால் கிளிப் மாட்டிய நொடியிலேயே குறுக்கிணைப்புதான். இரண்டு புரோப்களை இரு முனைகளிலும் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்ப்பதே வழி.

> ‘மிதவை வெளியீடு’ பொருந்தாதா? கிரவுண்டைத் தொடாமல் மிதக்கிறது என்ற பொருளில்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் என் கண்ணில் இதுதான் ஆபத்தானது. உண்மையில் மிதக்கும் முனையை, உதாரணமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் தனித்த இரண்டாம் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு நுனியைக் கிரவுண்டில் கட்டினால் எந்தக் கேடும் இல்லை. மிதவை என்று படித்தவர் இங்கேயும் கட்டிப் பார்க்கத் துணிவார். பிடிஎல்லில் எந்த முனையும் மிதப்பதில்லை. இரண்டையும் ஐசி பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

‘சமநிலை வெளியீடு’ மைக்ரோஃபோன் இணைப்புகளுக்கு ஏற்கெனவே வேண்டியிருக்கிறது. ‘வேறுபாட்டு வெளியீடு’ பொருளில் பிழையில்லை, ஆனால் எச்சரிப்பதில்லை. ‘இருமுனை’ என்றால் டையோடு பக்கம் போய்விடும்.

என் முன்வைப்பு இருதலை வெளியீடு. எதிர்ச்சொல் ஒருதலை வெளியீடு.

இருதலைக் கொள்ளி என்பதை விளக்காமலே எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் எரிகிறது, கைவைக்கக் குளிர்ந்த நுனி இல்லை. இந்த வெளியீட்டைப் பற்றிப் பழுதுபார்ப்பவர் முதலில் அறிய வேண்டியதும் அதுவே. ‘ஒருதலை’ இன்னும் எளிது: ஒருதலைக் காதல், ஒருதலைப்பட்சம் என்று அன்றாடம் புழங்குவது. ஒரு பக்கம் மட்டும் செயல்படுகிறது, மறுபக்கம் சும்மா இருக்கிறது. ஐஆர்எஸ்2092 ஐசி கொண்டு, பிளஸ் மைனஸ் இரட்டை மின்வழங்கியில் ஓடும் போர்டுகள் அந்த இனம். அவற்றில் ஸ்பீக்கர் மைனஸ் உண்மையாகவே கிரவுண்ட்.

இந்த இணை இருந்தால் கையேட்டின் பல இடங்கள் தாமாகவே எளிதாகின்றன. போர்டை எப்படி இனம் காண்பது? ஒவ்வொரு தலைக்கும் தனி மின்தூண்டி வேண்டும். ஆகவே டிபிஏ3116 ஸ்டீரியோ போர்டில் பொதுவாக நான்கு சுருள்கள் நிற்கும். ஒருதலைப் போர்டில் தடத்துக்கு ஒன்றுதான். பழுதையும் தலைவாரியாகத் தேடலாம்: இரு தலைகளில் ஒன்று 12 வோல்ட்டிலும் மற்றது பூஜ்யத்திலோ 24-லோ நின்றால், கெட்ட பக்கம் எது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த நிலையில் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, ஸ்பீக்கருக்குள் இருக்கும் சுருள் கருகும். மின்தூண்டியை மாற்றும்போதும் ஒரு தடத்தின் இரு தலைகளுக்கும் ஒரே மதிப்பில், ஒரே வகையில் சேர்த்து மாற்ற வேண்டும். 10 மைக்ரோஹென்றி மின்தூண்டி, 0.68 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இணைக்கு வடிகட்டியின் எல்லை அதிர்வெண் சுமார் 61 கிலோஹெர்ட்ஸ். ஒரு தலையில் மட்டும் மதிப்பை மாற்றினால் அந்த எல்லை நகர்ந்து, இரு பக்கமும் ஒரே அலையாக வெளிவராது.

இருதலை ஏன் என்ற கேள்விக்கும் பதில் எளிது. 12 வோல்ட் ஒற்றை மின்வழங்கியில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒருதலையாகக் கொடுத்தால், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 4.5 வாட்தான் உச்சம். வழியில் ஒரு பெரிய மின்தேக்கியும் வேண்டும். இருதலையாக இயக்கினால் அலையின் வீச்சு இரட்டிக்கும், திறன் நான்கு மடங்காகி 18 வாட். மின்தேக்கியும் தேவையில்லை.

> இருதலை என்றால் ஸ்டீரியோ என்று நினைத்துவிட மாட்டார்களா?

நியாயமான ஐயம். ஸ்டீரியோவுக்கு நாம் ஏற்கெனவே ‘தடம்’ வைத்திருக்கிறோம். தடம் இரண்டு, தலை நான்கு என்று கையேட்டின் முதல் படத்திலேயே எழுதிவிட்டால் குழப்பம் வராது. நான்கு கம்பிகளில் எந்த இரண்டின் நுனியையும் ஒன்றாக முறுக்கி இணைக்கக்கூடாது என்ற விதியும் அதிலேயே அடங்கும்.

அந்த விதிக்கு ஒரே விலக்கு பிபிடிஎல் (Parallel BTL), அதாவது இரு தடங்களையும் ஒன்றாக்கி ஒரே ஸ்பீக்கரை இயக்கும் மோனோ முறை. டிபிஏ3116-இல் இடத்தடத்தின் இரு உள்ளீட்டுக் கால்களையும் மின்தேக்கி இல்லாமல் நேரே கிரவுண்டில் கட்டினால், மின் கொடுக்கும்போதே ஐசி அந்த முறைக்குப் போய்விடும். பிறகு வலத்தடத்தின் இரண்டு தலைகளும் சேர்ந்து ஸ்பீக்கரின் பிளஸ், இடத்தடத்தின் இரண்டும் சேர்ந்து மைனஸ். இரு பிளஸ்களை ஒன்றாகவும் இரு மைனஸ்களை ஒன்றாகவும் சேர்ப்பதுதான் இயல்பு என்று தோன்றும். அப்படிச் செய்தால் தவறு. நான்கு தலை இரண்டாகிறது, ஆனாலும் இரண்டும் உயிருள்ளவை, ஆகவே இதுவும் இருதலைதான்.

இதற்கு ‘இணை இருதலை’ என்று முதலில் எழுதினேன். ‘இணை’ சோடியையும் குறிப்பதால் தயக்கமாக இருக்கிறது. பாடநூல்களில் பக்க இணைப்பு என்று இருப்பதால் ‘பக்கவிணை இருதலை’ சரியாக வரும், ஆனால் நாவுக்கு நீளம். சுருக்கமாக ஒன்று தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ‘இருதலை’, ‘ஒருதலை’ இரண்டையும் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்