மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது: 16 கிலோ இ-சைக்கிளா, பேட்டரி கழட்டுற 22 கிலோவா?

மூணாவது மாடி

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு போயிடுவேன், எழுதுறது இப்பதான். வீடு குரோம்பேட்டை, ஆபீஸ் கிண்டி எஸ்டேட், ஒரு வழிக்கு 10 கிலோமீட்டர் கிட்ட வரும். வயசு 43. ஸ்கூட்டி ஒண்ணு இருந்துது, பையன் காலேஜுக்கு எடுத்துட்டு போக ஆரம்பிச்சான், இனிமே அது என்கிட்ட திரும்பி வரும்னு நம்பிக்கை இல்ல. டிரெயின்லதான் போறேன், ஆனா ஸ்டேஷன் வரைக்கும் நடை, அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ, நடுவுல லேடீஸ் கம்பார்ட்மென்ட் கூட்டம், விடுங்க அதைப் பத்தி எழுதினா அதுவே தனிக் கதை.

ரெண்டு எலெக்ட்ரிக் சைக்கிள் பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு 16 கிலோ, பேட்டரி ஃப்ரேமுக்குள்ளயே இருக்கு, வெளிய எடுக்க முடியாது, பாக்க சாதா சைக்கிள் மாதிரியே இருக்கு. கடைலயே தூக்கிப் பாத்தேன், தூக்க முடிஞ்சுது. இன்னொண்ணு 22 கிலோ, பேட்டரிய சாவி போட்டு கழட்டிக்கலாம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். பிரச்சனை என்னன்னா கீழ பார்க்கிங்ல பிளக் பாயின்ட் கேட்டேன், ஹவுஸ் ஓனர் "காமன் மீட்டர்ல எடுத்தா மத்தவங்க கேப்பாங்கம்மா"ன்னு முடிச்சுட்டார். அப்ப லேசான வண்டிய வாங்கி தினமும் மேல தூக்கிட்டு போறதுதான் சரியா? இன்னும் சில சந்தேகம், லைசென்ஸ் வேணுமா, மழைல ஓட்டலாமா, கடைக்காரர் 50 கிலோமீட்டர் ஓடும்னு சத்தியம் பண்றார் அது நிஜமா, துப்பட்டா செயின்ல மாட்டுமா? கோச்சுக்காம சொல்லுங்க.

தாம்பரம் டபுள்ஸ்

மேடம், நான் மூணு வருஷமா ஓட்டுறேன், தாம்பரம் டு பல்லாவரம். கடைல ஒரு தடவ தூக்கிப் பாக்குறது கணக்கே இல்ல. ரேஷன் கடைல 20 கிலோ அரிசி வாங்குவீங்கல்ல, அந்த மூட்டைய நிக்காம மூணாவது மாடி வரைக்கும் நீங்களே தூக்கிட்டு போய் பாருங்க. 16 கிலோதானேன்னு நினைக்காதீங்க, அரிசி மூட்டைக்கு ஹேண்டில்பார் கிடையாது, திரும்புற இடத்துல சுவத்துல இடிக்காது, பெடல் முட்டியில குத்தாது. காலைல இறக்கணும் சாயங்காலம் ஏத்தணும், மாசத்துக்கு 50 தடவ. பத்து நாள் கழிச்சு சைக்கிள் மேலயே இருக்கும், நீங்க டிரெயின்ல இருப்பீங்க. 22 கிலோ வண்டிய கீழ பூட்டிட்டு ரெண்டு ரெண்டரை கிலோ பேட்டரிய மட்டும் பைல போட்டு மேல எடுத்துட்டு போங்க, நான் அதான் பண்றேன்.

ரேஞ்ச் கணக்கு கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க, பேட்டரி மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர பாருங்க. 36 வோல்ட் 7.5 ஆம்பியர் அவர்னு இருந்தா பெருக்கினா 270 வாட் அவர், பேட்டரில மொத்தம் இருக்கிற சக்தி அவ்வளவுதான். நீங்களும் மிதிச்சு மோட்டரும் உதவினா கிலோமீட்டருக்கு 8லேருந்து 10 வாட் அவர் போகும், அப்ப 27லேருந்து 33 கிலோமீட்டர் வரும். மிதிக்காம ஸ்கூட்டி ஆக்ஸிலேட்டர் மாதிரி இருக்கிற த்ராட்டில மட்டும் முறுக்கிட்டு போனா கிலோமீட்டருக்கு 14, 15 வாட் அவர் ஆகும், 18, 19 கிலோமீட்டர்லயே தீர்ந்துடும், உங்களுக்கு போக வர 20 கிலோமீட்டர், சாயங்காலம் பல்லாவரத்துல இறங்கி தள்ளிட்டு வருவீங்க. 50 எல்லாம் எதிர்க்காத்து இல்லாம சிக்னல் இல்லாம ஒல்லிப்பையன் ஓட்டினா வரலாம்.

கரண்ட் செலவு? ஃபுல் சார்ஜுக்கு அரை யூனிட் கூட ஆகாது, அதை விடுங்க.

கோவை ஸ்போக்

தாம்பரம் அண்ணன் சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேன். நான் சைக்கிள் கடைல வேலை பாத்தவன்ங்க. லேசான வண்டியோட அருமை மாடிப்படியில தெரியாது, பேட்டரி தீர்ந்த அன்னைக்குத்தான் தெரியும். கியர் இல்லாத 22 கிலோ வண்டிய சார்ஜ் இல்லாம மிதிச்சுப் பாருங்க, பாலம் ஏர்றப்ப எட்டு போடுற மாதிரி ஆடும். 16 கிலோன்னா சாதா சைக்கிள் மாதிரியே வீடு வந்து சேரலாம். ஆனா அக்காவுக்கு பிளக் பாயின்டே இல்லைங்கிறப்ப உள்பேட்டரி வண்டி சரிப்படாதுங்க, அதோட மூணு நாலு வருஷத்துல பேட்டரி போச்சுன்னா உள்பேட்டரிக்கு அந்தக் கம்பெனியத்தான் தேடிப் போகணும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கண்டிப்பா பாருங்க. இந்த விலைல வர்ற வண்டில மிதி பக்கத்துல காந்தம் வெச்ச ஒரு சின்ன வட்டத் தட்டு இருக்கும், பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும் அதுக்கு தெரியும், எவ்வளவு அழுத்துறீங்கன்னு தெரியாது. அதனால சிக்னல்ல நிக்கிறப்ப சும்மா பெடல பொசிஷனுக்கு கொண்டு வரலாம்னு முன்பக்கமா லேசா சுத்தினா மோட்டர் திடீர்னு தள்ளிரும், முன்னாடி பஸ் நின்னா பஸ்தான். பிரேக் லிவர லேசா புடிச்சா மோட்டர் கட் ஆகணும், ரெண்டு லிவர்லயும் தனித்தனியா புடிச்சு கடைலயே செக் பண்ணுங்க. நிக்கிற எடத்துல எல்லாம் விரல் பிரேக்ல இருக்கட்டும், ரெண்டு நாள்ல பழகிரும்.

பஞ்சர். பின் சக்கரத்துல மோட்டர், அதுலேருந்து வயர் வருது, பாதி பஞ்சர் கடைக்காரங்க பாத்த உடனே கையெடுத்து கும்பிட்டுருவாங்க. சக்கரத்த கழட்டவே வேண்டாங்க. வயர் இல்லாத பக்கமா டயர ஒரு பக்கம் மட்டும் நெம்பி, ஓட்டை இருக்கிற எடத்துல ட்யூப வெளிய இழுத்து, ஒட்டி, உள்ள தள்ளி காத்து அடிச்சா முடிஞ்சுது. இதை அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க.

துப்பட்டாவுக்கு முழு செயின் கவர் இருக்கிற மாடல் கேளுங்க, அரை கவர் போதாது.

நைட் ரைடர் 007

25 ஸ்பீடுல கிண்டி போற ஜிஎஸ்டி மெயின் ரோட்ல போனா தண்ணி லாரி மேல ஏத்திட்டு போயிடுவான் சிஸ்டர். டிஸ்ப்ளேல செட்டிங்க்ஸ் போய் ஸ்பீட் லிமிட்ட எடுத்து விடுங்க, 35 போகும், யூட்யூப்ல வீடியோ இருக்கு.

தாம்பரம் டபுள்ஸ்

தம்பி, இந்த மாதிரி ஐடியா எல்லாம் உங்க வண்டியோட வெச்சுக்கோங்க. மோட்டர் 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம், இந்த ரெண்டுக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அது சைக்கிள். லைசென்ஸ் வேண்டாம், ஆர்சி வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். லிமிட்ட எடுத்த அன்னைக்கே அது மோட்டார் வண்டி, யாரையாவது இடிச்சுட்டா கைல ஒரு பேப்பர் இருக்காது. மேடம், உங்க லைசென்ஸ் கேள்விக்கும் இதான் பதில், கூடவே அந்த மாடலுக்கு ஏஆர்ஏஐ இல்ல ஐகேட் சான்று இருக்கான்னு கேட்டுக்கோங்க, வண்டிய டெஸ்ட் பண்ணி சான்று தர்ற அமைப்புங்க அவங்க. லைசென்ஸ்தான் வேண்டாம், ஹெல்மெட் போடுங்க.

ஈசூன் மாமா

சிங்கப்பூர்லேருந்து எழுதுறேன். இங்க வண்டி 20 கிலோவுக்கு மேல இருந்தாலே பதிவு பண்ண முடியாது, த்ராட்டிலும் கூடாது, மிதிச்சாதான் மோட்டர். நம்பர் பிளேட் உண்டு, 2022லேருந்து ஓட்டுறவங்க தியரி டெஸ்ட் வேற பாஸ் பண்ணணும். அதனால அந்த 22 கிலோ வண்டி இங்க வந்தா ரோட்டுக்கே வர முடியாது தங்கச்சி, சும்மா சொன்னேன்.

ஒண்ணு மட்டும் சீரியஸா சொல்றேன். பேட்டரிய ராத்திரி தூங்குறப்ப சார்ஜ் போடாதீங்க, வாசல் கதவு பக்கத்துலயும் போடாதீங்க. நெருப்புன்னு வந்தா வெளிய போற வழியே அதுதான். கம்பெனி சார்ஜர் தவிர வேற சார்ஜர் வேண்டாம், மெத்தை மேல வெச்சு போடவே கூடாது. வெயில்ல ஓட்டிட்டு வந்த உடனே சொருகாம அரை மணி நேரம் தரைல வெச்சு ஆற விடுங்க. ரெண்டு ஆம்பியர் சார்ஜர்னா நாலு மணி நேரம், ஏழு மணிக்கு போட்டா பதினொண்ணுக்கு எடுத்துடலாம்.

கோவை ஸ்போக்

மழைய மறந்துட்டேன். தூறல் ஒண்ணும் பண்ணாது. தேங்கின தண்ணில மோட்டர் முங்குற அளவுக்கு எறங்காதீங்க, அச்சு வழியா வயரோட தண்ணி உள்ள போயிரும். சார்ஜிங் ஓட்டைக்கு ரப்பர் மூடி சரியா மூடியிருக்கணும். வாட்டர் சர்வீஸ் கடைல பிரஷர்ல அடிக்கவே கூடாது, ஈரத்துணி போதும்ங்க.

மூணாவது மாடி

எல்லாருக்கும் நன்றி, மூணு வாரம் கழிச்சு வந்திருக்கேன். அரிசி மூட்டை டெஸ்ட் பண்ணேன். ரெண்டாவது மாடில எறக்கி வெச்சுட்டேன், அந்த வீட்டு பாட்டி "ஏம்மா, வீட்ல ஆம்பளைங்க இல்லையா?"ன்னு கேட்டாங்க, அவங்ககிட்ட எலெக்ட்ரிக் சைக்கிளுக்காகன்னு என்னத்த சொல்றது. 22 கிலோவே வாங்கிட்டேன், முழு செயின் கவரோட. ரெண்டு பூட்டு, ஒண்ணு பின் சக்கரத்தையும் கேட் கம்பியையும் சேத்து.

போயிட்டு வந்தா 20 கிலோமீட்டர், நானும் மிதிக்கிறேன், வீடு வர்றப்ப டிஸ்ப்ளேல சார்ஜ் காட்டுற அஞ்சு கட்டைல ஒரு கட்டை பாக்கி இருக்கும். முதல் நாள் வீம்புக்கு த்ராட்டில்லயே போனேன், தாம்பரம் சார் சொன்ன அதே பல்லாவரம், அங்கேருந்து மிதிச்சு வந்தேன், கோவை தம்பி சொன்னதும் புரிஞ்சுது. பேட்டரிய ஆபீஸுக்குள்ளயும் எடுத்துட்டு போயிடுறேன், டிஃபன் பாக்ஸ் பக்கத்துல அது கறுப்பா நீளமா கிடக்கிறத பாத்துட்டு செக்யூரிட்டி அண்ணா ரெண்டு நாள் பையத் தொறக்க சொன்னார், இப்ப அவரே விலை கேக்குறார்.

போன வியாழக்கிழமை மீனம்பாக்கம் கிட்ட பின் சக்கரம் பஞ்சர். கடைக்காரர் "கரண்ட் வண்டி, நான் தொட மாட்டேன்"னுட்டார். போன்ல இந்த பதிவ அப்படியே படிச்சுக் காட்டினேன், வயர் இல்லாத பக்கமா நெம்புங்கன்னு. முறைச்சுக்கிட்டே பண்ணார், கால் மணி நேரம் கூட ஆகல.

இப்ப ஒரே ஒரு தொல்லை. மிதிக்கிறப்ப வலது கால் கீழ போறப்ப மட்டும் டக் டக்னு சத்தம் வருது. மோட்டரா?

கோவை ஸ்போக்

மோட்டரா இருக்காதுங்க்கா. மோட்டர ஆஃப் பண்ணிட்டு மிதிச்சுப் பாருங்க, அப்பவும் வந்துச்சுன்னா பெரும்பாலும் வலது கிராங்க், அதான் பெடல் மாட்டியிருக்கிற கை, லூசா இருக்கும். புது வண்டில நூறு இருநூறு கிலோமீட்டர்ல வர்றதுதான், முதல் ஃப்ரீ சர்வீஸ்ல டைட் பண்ண சொல்லுங்க. அப்படியே லூசா ஓட்டாதீங்க, கிராங்க் ஓட்டை தேஞ்சிரும்.