தொட்டியில் பூக்கிற பிரம்மகமலமும் மலையில் பார்த்த பிரம்மகமலமும்

எங்கள் வீட்டு மாடிப்படி ஓரத்தில் ஒரு தொட்டி உண்டு. வருஷத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி அதில் பெரிய வெள்ளைப் பூ விரியும். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் எழுப்பிக் கூட்டிவந்து ஊதுபத்தி ஏற்றுவாள். விடிவதற்குள் பூ தொங்கிவிடும். முப்பது வருஷமாக அதுதான் பிரம்மகமலம் என்று நம்பியிருந்தேன்.

ஒரு ஆகஸ்டில் உத்தராகண்டின் ஹேம்குண்ட் சாகிப் போனோம், மலை ஏரிக்கரையில் இருக்கிற சீக்கியர் கோயில். கீழே தங்குகிற ஊரான காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றம். மேலே இரவு தங்க அனுமதி இல்லை, அதனால் விடியற்காலையிலேயே கிளம்பினோம். மழை விடவே இல்லை. ஏரிக்குக் கொஞ்சம் முன்னால், கூட வந்த பையன் பாறைச் சரிவைக் காட்டி "பிரம்மகமல்" என்றான். எனக்கு எந்தப் பூவும் தெரியவில்லை. யாரோ முட்டைக்கோஸைப் பாதி உரித்து நட்டுவைத்த மாதிரி ஏழெட்டுச் செடிகள், முழங்கால் உயரம்கூட இல்லை. மடல்கள் வெளிர் மஞ்சள், எண்ணெய்த்தாள் போல ஒளி ஊடுருவும். குனிந்து உள்ளே பார்த்தால் கருஊதாவில் சின்னச் சின்னக் குமிழ்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தன. அவைதான் உண்மையான பூக்கள். வெளியே மழை கொட்டியும் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை! வாசனை மட்டும் மூக்கைத் துளைக்கிற ரகம். மல்லிகையை நினைத்துக்கொண்டு யாரும் முகர வேண்டாம்.

ஜோஷிமட் இறங்கி சிக்னல் கிடைத்ததும் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "என்னடா இது, கீரை மாதிரி இருக்கு" என்றாள்.

அப்புறம் தேடிப் படித்ததில் தெரிந்தது இது: மலையில் பார்த்தது சாஸ்ஸூரியா ஓப்வல்லாட்டா. பெயரில் கமலம் இருந்தாலும் தாமரைக்கு உறவில்லை, சூரியகாந்தி, சாமந்தி குடும்பம். உத்தராகண்டின் மாநில மலரும் இதுவே. வீட்டுத் தொட்டியில் இருப்பது நிஷாகந்தி, மெக்சிகோ பக்கத்துக் கள்ளி வகை. அதில் நாம் இலை என்று ஒடித்து நடுவதுகூட இலை இல்லை, தட்டையான தண்டு.

*

மேலே எழுதியவராவது பார்த்ததோடு நின்றார். நான் வளர்க்கவே பார்த்தேன்.

கேதார்நாத் போன சித்தி பிரசாதமாக ஒரு காய்ந்த பூ கொண்டுவந்தார். அதைப் பிரித்து, உள்ளே இருந்ததை எல்லாம் விதை என்று எடுத்து, ஈர மணலில் கலந்து ஆறு வாரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். மலைச்செடி ஆயிற்றே, குளிர் காட்டினால் முளைக்கும் என்று கணக்கு. (வீட்டில் அந்த டப்பாவை ரவை என்று நினைத்து எடுத்தது தனிக் கதை.) பிறகு மணலும் சரளையும் கலந்து தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மிச்சம் இருந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தால் எல்லாம் சப்பை.

காரணம் ரொம்ப எளிது. பூவாகவே பறித்துவிட்டால் விதை எங்கிருந்து வரும்? செடியிலேயே விட்டால்தான் விதை முற்றி, தலையில் இருக்கிற பஞ்சு இழைகளோடு காற்றில் போகும். நந்தாதேவி திருவிழாவான நந்தாஷ்டமிக்கு முன்னால் பறிக்கக்கூடாது, குளித்து, வெறுங்காலோடு போய்த்தான் எடுக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கட்டுப்பாடு உண்டு. முன்பு அதைச் சடங்கு என்று மட்டும் நினைத்திருந்தேன்.

முளைத்திருந்தாலும் எங்கள் வெயிலில் தாக்குப்பிடித்திருக்காது. 3,700 மீட்டருக்கு மேலே, பாதி வருஷம் பனிக்கு அடியில் வேரை மட்டும் வைத்துக்கொண்டு தூங்குகிற செடி அது. உத்தராகண்டின் கார்வால் ஸ்ரீநகரில் உயர்மலைத் தாவரங்களுக்கென்றே இருக்கும் பல்கலைக்கழக ஆய்வு மையம்கூட, சோதனைத் தோட்டத்தை மேலே துங்கநாத்தில்தான் வைத்திருக்கிறது. நர்சரியில் "பிரம்மகமலம் கன்று" என்று விற்றால் அது கள்ளிதான். அழகான செடி, தாராளமாக வாங்குங்கள். பெயர்தான் தப்பு.

*

நான் மூன்றாவது ஆள். பிரம்மகமலத்தின் குடும்பத்தில் வயலில் பயிராகிற ஒன்றை இமாச்சலின் லாஹௌலில் பார்த்தேன். ஆள் உயரச் செடி, உச்சியில் முள்பந்து போலக் கருநீலப் பூ. ஊர்க்காரர்கள் கூட் என்றார்கள். வரப்போரம் ஒரு வேரை உடைத்துக் கையில் கொடுத்தார் ஒரு பெரியவர். முகர்ந்ததும் நம் நாட்டு மருந்துக் கடை ஞாபகம். கோஷ்டமேதான்!

இரண்டு மூன்று வருஷம் விட்டுத்தான் வேரைத் தோண்டுவார்களாம். உருளைக்கிழங்கும் பட்டாணியும் ஒரே பருவத்தில் காசு தரும்போது இதற்கு யார் காத்திருப்பார்கள்? அவர் நிலத்திலேயே ஓரமாக நாலு வரிசைதான் மிச்சம். காட்டுக் கோஷ்டம், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அதாவது புலியோடு சேர்த்து. அதைத் தோண்டி விற்க முடியாது. அந்த நாலு வரிசையைப் பார்க்கக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

*

முதலில் எழுதியவன்தான். இரண்டாவது பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். நேற்று ராத்திரி தொட்டியில் இரண்டு மொட்டு விரிந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம், "பிரம்மகமலம் பூத்திருக்கு வா, ஆனா இது அது இல்லையாம்" என்று கூப்பிட்டாள்.